40 பவுண்டு வில்லுக்கு எந்த கார்பன் தண்டு?

மர அம்பிலிருந்து கார்பனுக்கு மாறுகிறவர்கள் பலர் முதல் டஜனை வீணடிக்கிறார்கள். நானும் அப்படித்தான். நாணை இழுக்க 40 பவுண்டு விசை கேட்கும் என் ரீகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த) வில்லுக்கு மரத்தில் 45–50 பவுண்டு ஸ்பைன் (விறைப்பு அளவு) தண்டு சொன்னபடி கேட்டது. கார்பனில் 500 என்று போட்டதை வாங்குங்கள், எல்லா வில்லுக்கும் ஒத்துவரும் என்றார் ஒரு கடைக்காரர். வாங்கினேன். வலக்கைக்காரனான நான் எய்த அம்பெல்லாம் இடது பக்கமாகவே போய்க் குத்தின. தண்டு விறைப்பு அதிகம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஏன் அப்படி? கார்பன் தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது சுமார் 880 கிராம், தொங்கவிடுவார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் அது 500. எண் ஏற ஏற தண்டு இளகும். மரத்துக்கு இடைவெளி 26 அங்குலம், எடை 2 பவுண்டு. 26-ஐத் தொய்வால் வகுத்தால் வருவதுதான் அந்த 45, 50 பவுண்டு எல்லாம். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் 500 கார்பன் ஏறக்குறைய 63 பவுண்டு மரத்துக்குச் சமம். 600 என்றால் 52, 700 என்றால் 45. நான் வாங்கியது ஊன்றுகோல்!

இந்த ஒன்று பிடிபட்டால் பிராண்டு சண்டை பாதி அடங்கிவிடும்.

கோல்ட் டிப் டிரெடிஷனல்தான் பலரும் முதலில் கைவைப்பது. மரரேகை அச்சிட்ட பூச்சு, 0.246 அங்குல உள்விட்டம். அந்த அளவுக்கு இன்செர்ட் (முனையைத் திருகும் உள்செருகி), நாக் (நாணைக் கவ்வும் வால்துண்டு) எல்லாம் எங்கும் கிடைக்கும். எடையும் அதிகமில்லை. இன்செர்ட்டின் பின்னால் திருகி எடை கூட்டும் வசதியும் உண்டு. ஈஸ்டன் ஆக்ஸிஸ் டிரெடிஷனல் விலை கூட. ஆனால் மெலிது, அதே ஸ்பைனில் சற்றுக் கனமும் கூட. 500-இல் அங்குலத்துக்கு 8.1 கிரெயின் (ஒரு கிராம் சுமார் 15.4 கிரெயின்). தண்டு மெலிந்தால் ஷெல்ஃபில் (அம்பு படுக்கும் விளிம்பில்) வில்லின் நடுக்கோட்டுக்கு நெருக்கமாக உட்காரும், அதனால் கொஞ்சம் விறைப்பையும் மன்னிக்கும். குறை முனையில் இருக்கிறது. இன்செர்ட் முழுக்க உள்ளே போய்விடுவதால் தண்டின் வாய்க்குக் காப்பு இல்லை. கல்லில் பட்டால் அங்கேதான் பிளக்கும். பழைய அலுமினிய அம்பில் ஒரு துண்டு வெட்டி வளையமாக மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குறிபலகையில் மட்டும் எய்பவருக்கு ஆக்ஸிஸின் கூடுதல் செலவு தேவையில்லை என்பேன்.

கார்பன் எக்ஸ்பிரஸ் ஹெரிடேஜில் ஒரு கண்ணி: அதன் 90, 150, 250 எல்லாம் அந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கு, தொய்வு அளவு அல்ல. அட்டவணை பார்க்காமல் வாங்காதீர்கள்.

அப்புறம், பெயரில்லாத சீனத் தண்டுகள். விலையில் இவற்றை யாரும் அடிக்க முடியாது. 'மிக்ஸ்டு கார்பன்' என்றிருந்தால் கண்ணாடியிழையும் கலந்தது என்று புரிந்துகொள்ளுங்கள். பழகத் தொடங்குபவருக்கு அது போதும். 'பியூர் கார்பன்' நிஜமாகவே நன்றாக இருக்கலாம், ஆனால் ஒரே பொட்டலத்துக்குள் எடையும் விறைப்பும் தண்டுக்குத் தண்டு மாறும். எனவே ஒரு டஜன் தேவை என்றால் ஒன்றரை டஜன் வாங்கி, இரண்டு நாற்காலி, ஒரு அளவுகோல், 880 கிராம் தண்ணீர் பாட்டில் வைத்து நீங்களே தரம் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு மாலை வேலை. எனக்கு அந்த வேலை பிடிக்கும். பிடிக்காதவர்கள் கோல்ட் டிப்புக்கே போகலாம்.

பெட்டியில் 0.006, 0.003, 0.001 என்று தண்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதன் அளவை (அங்குலத்தில்) போட்டு அதற்கேற்ப விலை ஏற்றுவார்கள். 20 மீட்டரில் விரலால் நாண் விடும் நமக்கு 0.006 தாராளம். அந்தப் பணத்தில் கனமான முனைகள் இரண்டு மூன்று விதமாக வாங்கலாம். 29 அங்குல 500 தண்டு சுமார் 212 கிரெயின், முனை 145, இன்செர்ட்டும் நாக்கும் இறகும் சேர்ந்து 30 என்றால் மொத்தம் 387. 40 பவுண்டு வில்லில் பவுண்டுக்கு 9 கிரெயினுக்கு மேல் வருகிறது, வில்லுக்கு நோகாது.

வில்லின் ஜன்னல் (கைப்பிடிக்கு மேல் அம்புக்காக வெட்டிய பகுதி) நடுக்கோடு வரை வெட்டியிருந்தால் 500-உம் 600-உம், நடுவரை வெட்டாத லாங்போ (நீண்ட நேர் வில்), குதிரைவீரர் வில் என்றால் 600-உம் 700-உம் இரண்டிரண்டு வாங்கி, வெட்டாமல், இறகு ஒட்டாமல் எய்து பாருங்கள். வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் போனால் முனையைக் கனமாக்குங்கள். வலப்பக்கம் போனால் தண்டைக் கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டுங்கள். உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் லாங்போ பிரிவில் போட்டியிடுவதாக இருந்தால் இதெல்லாம் வேண்டாம், அங்கே மர அம்பு மட்டும்தான்.

வெட்டும்போது வேகமாகச் சுற்றும் தேய்ப்பு வட்டுதான், முகமூடியோடு. குழாய் வெட்டி தண்டை நசுக்கிவிடும். எங்காவது மோதிய தண்டை வளைத்து, முறுக்கி, காதருகே வைத்துக் கேளுங்கள். லேசாக நெரிந்த சத்தம் வந்தாலும் சரி, உடைத்துக் குப்பையில் போடுங்கள். நாணில் வைத்த பிறகு பிளந்தால் அது போவது உங்கள் முன்கைக்குள்.