பாய்மரக் கப்பலில் விடுமுறை: ஹாலந்து கிளிப்பரா, துருக்கி குலெட்டா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹாலந்து. மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தில் மே மாத விடுமுறைப் பேச்சு எழுந்தாலே, பழைய பாய்மரக் கப்பலில் தங்கிவர எது தேவலை என்று யாராவது கேட்கிறார்கள். சுற்றிச் சுற்றி மூன்று பெயர்தான் வரும். துருக்கியின் குலெட், இந்தோனேசியாவின் பினிசி, ஹாலந்தின் கிளிப்பர். குலெட்டில் கல்யாணமான புதிதில் நானும் கணவரும் போயிருக்கிறோம். ஹாலந்தில் நாங்கள், என் நாத்தனார் வீடு, ஆம்ஸ்டர்டாம் பக்கத்தில் ஆம்ஸ்டல்வேனில் இருக்கும் கொழுந்தனார் வீடு, அத்தை என்று எல்லாருமாகச் சேர்ந்து ஒரு கப்பலையே வாடகைக்கு எடுத்தோம். பினிசியில் போனவன் என் தம்பி. அவன் சொன்னதை வைத்துத்தான் அதைப் பற்றிப் பேச முடியும், அந்தப் பகுதி மெலிந்தே இருக்கும்.

மும்பையிலிருந்தே க்ரூஸ் கிளம்புகிறதே என்பவர்களுக்கு: பல்லார்ட் பியரில் ஏறினால் லிப்ட், பஃபே, நீச்சல்குளம் எல்லாம் கிடைக்கும். நல்ல விஷயம்தான், ஆனால் அதில் பாய் கிடையாது. நம் கடற்படையின் தரங்கிணி அசல் பாய்க்கப்பல், 2003-04இல் உலகையே சுற்றிவந்தது. ஆனால் அது பயிற்சிக் கப்பல், டிக்கெட் போட்டு ஏற முடியாது.

விசா, விமானம் பற்றி நீட்டவில்லை. ஆம்ஸ்டர்டாம், இஸ்தான்புல் இரண்டுக்கும் மும்பையிலிருந்து நேர் விமானம் உண்டு. இந்தோனேசியாவில் போய் இறங்கியே விசா வாங்கலாம். ஹாலந்துக்கான ஷெங்கன் விசாவுக்குச் சீக்கிரமே வரிசையில் நிற்க வேண்டும். 2025 மே மாத மோதலில் துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்ற பிறகு துருக்கி என்றாலே வேண்டாம் என்பவர்கள் உண்டு, அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. பள்ளி விடுமுறைக் கணக்கு மட்டும் முக்கியம். ஹாலந்துக் கப்பல்களின் பருவம் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை. குலெட்டுக்கு மேயிலிருந்து அக்டோபர். ஆக மே விடுமுறைக்கு இரண்டும் சரி. தீபாவளி விடுமுறை நவம்பரில் விழுந்தால் இரண்டும் இல்லை, இந்தோனேசியாவின் கொமோடோ தீவுப் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குலெட், பினிசி இரண்டும் பார்க்கப் பழையவை, ஆனால் பெரும்பாலும் புதிதாகக் கட்டியவை. பழைய வடிவத்தில், சுற்றுலாவுக்கென்றே மரத்தில் செய்கிறார்கள். போத்ரும், மர்மாரிஸ், பொஸ்புருன் ஊர்களில் குலெட் கட்டும் தச்சர்களின் கை இன்றும் பேர்போனது. தெற்கு சுலாவெசியில் பினிசி கட்டும் கலையை யுனெஸ்கோ 2017இல் பட்டியலில் சேர்த்தது. அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஹாலந்துக் கிளிப்பர்களில் பல நூறு வயதைத் தாண்டிய சரக்குக் கப்பல்கள். கரியும் உருளைக்கிழங்கும் செங்கல்லும் சுமந்தவை. லாரியும் எஞ்சினும் வந்ததும் பாய்மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு மோட்டார் படகாக்கினார்கள். 1970களில் சில கிறுக்கர்கள் (மரியாதையாகத்தான் சொல்கிறேன்) அவற்றை வாங்கி மறுபடி பாய்மரம் நட்டு, சரக்கு அறையை அறைகளாகத் தடுத்து, ஆட்களை ஏற்றத் தொடங்கினார்கள். மீட்டெடுத்த கப்பல் என்ற பேச்சு அசலாகப் பொருந்துவது இங்கேதான்.

இரண்டாவது வித்தியாசம், பாயை யார் ஏற்றுகிறார்கள் என்பது. குலெட்டில் பகலெல்லாம் எஞ்சின்தான். உடம்பு கனம், பாய் சிறிது, சாயங்காலத்துக்குள் அடுத்த விரிகுடாவுக்குப் போயாக வேண்டும். எங்கள் பயணத்தில் பாயை விரித்தது போட்டோ எடுக்கத்தான், அப்போதும் எஞ்சின் நிற்கவில்லை. ஹாலந்துக் கப்பலில் ஆள் இரண்டே பேர், கப்பல்காரரும் ஒரு உதவியாளரும். மீதி வேலை நம்முடையது. பாயின் தலையைத் தாங்கும் கட்டையைத் தூக்க இரண்டு கயிறு உண்டு. ஒன்று மரத்தை ஒட்டிய முனைக்கு, இன்னொன்று வெளி முனைக்கு. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஏற வேண்டும். என் பெண்ணின் அணி வேகமாக இழுத்துவிட, கட்டை கோணிக்கொண்டு நின்றது. உதவியாளர் பெண் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, மறு அணியைப் பார்த்து "ஒண்ணு, ரெண்டு" என்று தமிழிலேயே எண்ணினார். காலையில்தான் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்புறம் கப்பலின் இரு விலாவிலும் தொங்கும் மரப்பலகைகள். அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் காற்றில் பக்கவாட்டில் வழுக்காமல் இருக்க, காற்று போகிற பக்கத்துப் பலகையை வின்ச் சுற்றி இறக்க வேண்டும், திரும்பும்போது அதை ஏற்றி மற்றதை இறக்க வேண்டும். பதினான்கு வயதுப் பையனின் கையிலிருந்து போன் தானாக இறங்கியது.

இதெல்லாம் சரி, ஆனால் எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹாலந்துக் கப்பல்களில் உயிர்ச்சேதமும் நடந்திருக்கிறது. 2016 ஆகஸ்டில் ஹார்லிங்கன் துறைமுகம் அருகே ஒரு கப்பலின் பாய்மரம் முறிந்து விழுந்து மூன்று ஜெர்மானியப் பயணிகள் இறந்தார்கள். மரத்தின் உள்ளே உளுத்துப்போயிருந்தது விசாரணையில் தெரிந்தது. 2022இல் டெர்ஸ்கெல்லிங் தீவருகே இன்னொரு கப்பலில் பாயின் அடிக்கட்டை விழுந்து 12 வயதுச் சிறுமி இறந்தாள். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

மரம் ஏன் உள்ளே உளுக்கிறது? பாய்மரத்தில் நீளவாக்கில் வெடிப்பு விடுவது இயல்பு. அதில் மழைநீர் இறங்கும். இரும்புப் பட்டையும் கொக்கியும் மாட்டிய இடத்தில் அந்த ஈரம் காயவே காயாது. மேலே வார்னிஷ் பளபளக்கும், உள்ளே மாவாகிக்கொண்டிருக்கும். சுத்தியலால் தட்டி ஓசையை வைத்துக் கண்டுபிடிக்கலாம், சந்தேகம் வந்தால் சிறு துளை போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு மரத்தைக் கீழே இறக்க வேண்டும். அதற்குக் குளிர்காலமும் பணமும் வேண்டும்.

கப்பலின் உடம்பும் அப்படித்தான். ரிவெட் அடித்த நூறு வருட இரும்புத் தகடு. கப்பலைக் கரையேற்றி, மீயொலிக் கருவியை வைத்து இடத்துக்கு இடம் தகட்டின் கனத்தை அளப்பார்கள். மெலிந்த இடத்தில் புதுத் தகடு பற்றவைப்பார்கள். இதைப் பார்க்காமல் விடுகிறவருக்கு ஒரு சீசனில் ஒன்றும் ஆகாது, பத்து சீசனில் ஆகும்.

அதனால் நான் விலை கேட்பதற்கு முன்பு நான்கு விஷயம் எழுதிக் கேட்டேன். பாய்மரம் மரமா, எஃகா? கடைசியாக எப்போது இறக்கிச் சோதித்தீர்கள், யார் சோதித்தார்கள், சான்றிதழ் உண்டா? கப்பல் எப்போது கரையேறியது? உரிமையாளர் யார்? கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. நாங்கள் எடுத்த கப்பலுக்குக் கப்பல்காரரே முதலாளி, அதிலேயே குடியும் இருக்கிறார். பின்பக்கம் அவருடைய சின்ன வீடு, ஜன்னலில் பூந்தொட்டி. பதிலோடு படமும் அனுப்பினார்: குளிர்காலக் கொட்டகையில் பாய்மரம் படுத்திருக்கிறது, வார்னிஷ் சுரண்டி வெள்ளையாக. தான் தூங்கும் இடத்துக்கு மேலே நிற்கிற மரத்தை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குப் புரிந்தது. துறைமுகத்தில் நின்ற பொழுதிலும் அவர் கையில் பிரஷ்ஷோ ஸ்பேனரோ இருந்தது. "இந்த மனுஷன் உட்காரவே மாட்டாரா?" என்றார் அத்தை.

குலெட்டில் இதே கேள்விகளைக் கேட்டிருந்தால் யார் பதில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் போன படகுக்கு முதலாளி ஒருவர், சம்பளத்துக்கு ஒரு கேப்டன், முன்பதிவு செய்த ஏஜெண்ட் இன்னொரு ஊரில். பாத்ரூம் பம்ப் நின்றபோது மூவரும் மாறி மாறி மற்றவரைக் கை காட்டினார்கள். எல்லாக் குலெட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன். கேப்டனே முதலாளியாக இருக்கும் படகுகளும் உண்டு. மரப்படகாதலால் குளிர்காலத்தில் கரையேற்றி, பலகை இடுக்குகளை அடைத்து, வண்ணம் பூசத்தான் செய்கிறார்கள். துருக்கி போவதானால் அப்படிக் கேப்டனே முதலாளியான படகைத் தேடிப் பிடியுங்கள், அவ்வளவுதான்.

குலெட்டுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். சுகம் என்றால் அதுதான். அறையோடு ஒட்டிய பாத்ரூம், அகலப் படுக்கை, சமைத்துப் போட ஆள். சைவக்காரர்களுக்குத் துருக்கிச் சாப்பாடு சிரமமே இல்லை. ஆலிவ் எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய், பருப்பு சூப், திராட்சை இலையில் சுற்றிய அரிசி என்று வந்துகொண்டே இருக்கும். சூப்பில் எலும்புத் தண்ணீர் சேர்க்க வேண்டாம் என்று மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஃபெத்தியேயிலிருந்து கிழக்கே போகிற வழியில் கெகோவாவில் தண்ணீருக்குள் மூழ்கிய பழைய ஊரின் படிகளும் சுவர்களும் தெரியும். மற்ற விரிகுடாக்களில் படகிலிருந்தே குதித்து நீந்தலாம். ஹாலந்தில் மே மாதம் குதித்தால் பல் கிட்டிவிடும்.

கிளிப்பரில் சுகம் குறைவுதான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குக் கட்டில், அறையில் ஒரு கைகழுவும் தொட்டி, குளியலும் கழிப்பறையும் பொது. குர்லாவில் கழிப்பறை பொதுவான சால் குடியிருப்பில் வளர்ந்த என் கணவர் இதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை, நாத்தனார் முதல் நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டார். சமையல் நாமே செய்ய வேண்டும், அடுப்பும் பெரிய பாத்திரங்களும் இருக்கின்றன. துவரம்பருப்பும் புளியும் ஆம்ஸ்டல்வேனிலேயே வாங்கிவிட்டோம். இட்லி மாவு மட்டும் அந்தக் குளிரில் பொங்க மறுத்தது. கப்பல்காரரிடம் கேட்டு எஞ்சின் அறையில் வைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. பாய் ஏறியிருக்கும்போது அடுப்பு வேண்டாம், தயிர்சாதம் போதும்.

இதற்கெல்லாம் ஈடு, ஹாலந்தின் வடகரையை ஒட்டிய ஆழமில்லாத வாடன் கடலில் கப்பலைத் தரைதட்ட விடுவது. வேண்டுமென்றேதான். தட்டை அடி என்பதால், நீர் வற்றும்போது கப்பல் சாயாமல் மணல் மேட்டில் உட்கார்ந்துவிடும். மும்பையில் ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதை கடலில் மூழ்குவதையும் தெரிவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக்கூட நம்ப முடியவில்லை. காலையில் கப்பல் மிதந்த இடத்தில் ஏணி வைத்து இறங்கி நடந்தோம். புழுக்கள் கக்கிய மண் சுருள்கள், சிப்பிகள், தூரத்தில் சீல்கள். சில மணி நேரத்தில் ஓடைகளில் தண்ணீர் திரும்ப ஆரம்பித்ததும் கப்பல்காரர் மணி அடித்தார், ஓடிவந்து ஏறினோம். குலெட்டும் பினிசியும் இதைச் செய்ய முடியாது, அவற்றின் அடி அப்படி இல்லை.

பினிசி பற்றித் தம்பி சொன்னது: கொமோடோ பக்கத்துத் துறைமுகமான லபுவான் பாஜோவிலிருந்து மூன்று நாள், கொமோடோ டிராகன் என்கிற ராட்சத உடும்புகள், பவளப்பாறை, கப்பலின் மேல்தளத்தில் தூக்கம். பாய் ஏறவே இல்லையாம். கடலுக்குள் பார்க்கத்தான் ஆசை என்றால் அங்கேதான் போக வேண்டும், ஹாலந்துத் தண்ணீரில் கலங்கலைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் சுற்றுலாப் படகுகள் மூழ்கியதும் தீப்பிடித்ததும் உண்டு. என் நான்கு கேள்விகளையும் அங்கே இரண்டு தடவை கேட்பேன்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கிளிப்பர் வேண்டாம். கீழே போகும் படி செங்குத்து. அத்தை நாளுக்கு ஒருமுறைதான் இறங்கி ஏறினார், மணலில் இறங்கவே இல்லை. அவரைப் போன்றவர்கள் கூட வந்தால் குலெட்தான் சரி. ஹாலந்துக்குப் போகிறவர்கள் படுக்கை விரிப்பு வாடகையில் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பல கப்பல்களில் சேராது. எந்தத் தீவுக்குப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதி வாங்க முயற்சிக்காதீர்கள். டெர்ஸ்கெல்லிங்கா, வ்லீலாந்தா என்பதைக் காற்றும் நீரோட்டமும் பார்த்து அன்று காலையில்தான் சொல்வார்கள். ஷெங்கன் விண்ணப்பத்தில் மட்டும் ஏறும் துறைமுகத்தையும் இறங்கும் துறைமுகத்தையும் தெளிவாகப் போடுங்கள், கப்பல்காரரிடம் அதற்கென்று ஒரு கடிதம் கேட்டால் தருவார்.