தேவதைக் கதைக்குள் ஓர் உளவாளி, உளவுப் படத்துக்குள் ஒரு தேவதைக் கதை

2007 பிப்ரவரியில் நடந்த ஆஸ்கர் விழாவில், ஆங்கிலம் அல்லாத மொழிப் படங்களுக்கான பிரிவில் ஐந்து படங்கள் போட்டியிட்டன. கனடாவின் சார்பில் வந்த தீபா மேத்தாவின் 'வாட்டர்' அவற்றுள் ஒன்று. அதன் பாடல்களுக்கு இசையமைத்தவர் ஏ.ஆர். ரஹ்மான் என்பதால் நம்மவர்கள் பலருக்கும் அந்தப் பெயர் நினைவிருக்கும். ஆனால் உண்மையான போட்டி வேறு இரண்டு படங்களுக்கு இடையில்தான் இருந்தது. மெக்சிகோவின் சார்பில் வந்தது கியெர்மோ டெல் டோரோ இயக்கிய 'பேன்ஸ் லாபிரிந்த்' என்ற ஸ்பானிய மொழி இருண்ட மாயக்கதை. ஜெர்மனியின் சார்பில் வந்தது ஃப்ளோரியான் ஹென்கல் ஃபான் டோனர்ஸ்மார்க்கின் முதல் முழுநீளப் படமான 'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' என்ற உளவுப் படம். ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஒப்பனை ஆகிய மூன்று விருதுகளை வென்ற ஸ்பானியப் படம், இந்தப் பிரிவில் மட்டும் ஜெர்மானியப் படத்திடம் தோற்றது. ஒரே வார இறுதியில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் எவருக்கும் அந்தத் தீர்ப்பின் மேல் ஐயம் எழும் என்றே நினைக்கிறேன். எனக்கு எழுந்தது.

இரண்டு படங்களும் சர்வாதிகாரத்தின் கீழ் நடப்பவை. ஸ்பானியப் படத்தின் காலம் 1944. ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆன பின்னும் மலைக்காடுகளில் ஒளிந்து போராடும் கெரில்லாக்களை வேட்டையாட, பழைய மாவு ஆலை ஒன்றில் தங்கியிருக்கிறான் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் படையைச் சேர்ந்த கேப்டன் விடால். அவனை மறுமணம் செய்துகொண்டு நிறைமாதக் கர்ப்பிணியாக வரும் தாயுடன் அங்கே வந்து சேரும் சிறுமி ஒஃபீலியாவிடம், பாழடைந்த சுழல்வழிக் கோட்டையில் குடியிருக்கும் ஆட்டுக்கொம்பு வனதேவன், அவள் பாதாள உலகத்தின் தொலைந்துபோன இளவரசி என்று சொல்லி, அதை மெய்ப்பிக்க மூன்று வேலைகளைக் கொடுக்கிறான்.

ஜெர்மானியப் படத்தின் காலம் 1984, இடம் அன்றைய கம்யூனிசக் கிழக்கு ஜெர்மனியின் கிழக்கு பெர்லின். அரசின் ரகசியக் காவல்துறையான ஸ்டாசியின் அதிகாரி வீஸ்லர், நாடகாசிரியர் ட்ரைமானின் வீட்டில் ஒட்டுக்கேட்புக் கருவிகளைப் பொருத்திவிட்டு, அதே கட்டடத்தின் கூரையடி மச்சில் அமர்ந்து, அங்கே நடக்கும் ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்கிறார். இந்தக் கண்காணிப்பின் உண்மைக் காரணம் நாட்டுப் பாதுகாப்பு அன்று, ட்ரைமானின் காதலியான நடிகை கிறிஸ்டா மரியாவின் மேல் ஓர் அமைச்சருக்கு இருக்கும் ஆசைதான் என்பது விரைவிலேயே தெரிந்துவிடுகிறது.

துப்பாக்கிச் சண்டையோ கார் துரத்தலோ இல்லாத இதை உளவுப் படம் என்று அழைக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். தாராளமாக அழைக்கலாம். வீட்டில் கருவி இருக்கிறதா என்று சோதிக்க, மேற்குப் பகுதிக்கு ஒருவரைக் கடத்தப்போவதாக நண்பர்கள் வேண்டுமென்றே உரக்கப் பேசுவதும், மச்சில் தொலைபேசியின் அருகே அமர்ந்திருக்கும் வீஸ்லர் எல்லைக் காவலுக்குச் செய்தி சொல்வாரா மாட்டாரா என்று நாம் காத்திருப்பதும், பல கோடி செலவழித்த துரத்தல்களைவிடப் பதற்றமானவை. நாட்டில் விற்ற தட்டச்சுப் பொறிகளின் எழுத்துருக்களை ஆராய்ந்து எழுதியவரைக் கண்டுபிடிக்க அரசுக்கு நிபுணர்கள் இருந்ததால், கிழக்கு ஜெர்மனியில் பெருகிய தற்கொலைகளைப் பற்றிய கட்டுரையை மேற்கு ஜெர்மன் இதழுக்கு எழுத, கடத்திவரப்பட்ட சிறிய பொறி ஒன்றும் அதனோடு கிடைத்த சிவப்பு ரிப்பனும் பயன்படுகின்றன. அந்தப் பொறியைக் கதவு நிலைப்படியின் பலகைக்கு அடியில் ஒளிக்கிறார்கள். பிறகு படத்தில் யார் அந்த நிலைப்படியைத் தாண்டினாலும் நமக்கு மூச்சு நின்றுவிடுகிறது. திரைக்கதைக் கட்டுமானம் என்ற அளவில் ஸ்பானியப் படத்தில் இதற்கு இணையான ஒன்று இல்லை.

ஆனால் கட்டுமானம் வேறு, உண்மை வேறு. ட்ரைமான் பியானோவில் சொனாட்டா என்ற இசைக்கோவை ஒன்றை வாசிக்க, அதைக் கேட்டுக் கண்ணீர் விடும் வீஸ்லர் படிப்படியாகத் தாம் கண்காணிப்பவர்களையே காப்பாற்றத் தொடங்குகிறார். இது நடக்கக்கூடியதா? முன்னாள் ஸ்டாசி சிறைச்சாலையாக இருந்த ஹோஹென்ஷோன்ஹவுசன் நினைவகத்தின் அன்றைய இயக்குநர் ஹூபர்டஸ் க்னாபே, அங்கே படம்பிடிக்க அனுமதி மறுத்தார். ஒரு ஸ்டாசி அதிகாரியை நாயகனாக்குவதை அவர் ஏற்கவில்லை, அப்படித் தன் இரையைக் காத்த அதிகாரி எவரும் வரலாற்றில் இல்லை என்பது அவருடைய வாதம். 1989இல் ஏறத்தாழ 91,000 முழுநேர ஊழியர்களும், அவர்களைப் போல் இரு மடங்கு எண்ணிக்கையில் ரகசியத் தகவலாளிகளும் கொண்டிருந்த அமைப்பு அது. வேலையைக் கூறுபோட்டு, ஒருவரை மற்றவர் கண்காணிக்கும்படி அமைத்திருந்த அந்த இயந்திரத்தில், தனி ஒருவர் தம் விருப்பப்படி பொய்யறிக்கைகள் எழுதிக்கொண்டிருக்க இடமிருந்திருக்காது. கல்நெஞ்சக் காவலன் இசையால் உருகி மனிதனாவது தேவதைக் கதைகளுக்கே உரிய திருப்பம். சாம்பல், பழுப்பு, மங்கிய பச்சை நிறங்களும், அசல் கருவிகளும் அந்தத் திருப்பத்துக்கு ஆவணப்படத்தின் உடையை உடுத்திவிடுகின்றன.

இவ்வளவு சொன்ன பிறகும் படம் பார்க்கும்போது நாம் அதை நம்பிவிடுகிறோம் என்றால், அதற்கு உல்ரிஹ் மூஹெ என்ற நடிகரே காரணம். கிழக்கு ஜெர்மனியில் வாழ்ந்து, தாமே ஸ்டாசியின் கண்காணிப்புக்கு ஆளான அவர், முகத்தில் ஏறத்தாழ எதையுமே அசைக்காமல் ஒரு மனிதனின் உள்ளிடிவைக் காட்டுகிறார். ஆஸ்கர் விழாவுக்குப் பின் சில மாதங்களிலேயே, 2007 ஜூலையில், அவர் புற்றுநோயால் இறந்தார்.

ஸ்பானியப் படம் இதற்கு நேர்மாறான வழியில் செல்கிறது. அதில் தேரை விழுங்கிய சாவி உண்டு, பாலில் ஊறி முனகும் வேர்க்குழந்தை உண்டு, சுண்ணக்கட்டியால் சுவரில் வரைந்தால் திறக்கும் கதவு உண்டு; ஆனால் விடால் கடைசிவரை விடாலாகவே இருக்கிறான். எந்தப் பாட்டும் எந்தக் குழந்தையும் அவனை மாற்றுவதில்லை. முயல் வேட்டைக்கு வந்ததாகச் சொல்லும் விவசாயி மகனை அவன் பாட்டிலால் அடித்துக் கொன்ற பிறகே அவர்கள் பையிலிருந்து முயல் வெளிவருகிறது. அப்போது அவனுக்கு வருவது குற்றவுணர்வு அன்று, நேரம் வீணானதே என்ற எரிச்சல்தான். ஃபிராங்கோ 1975இல் தாம் இறக்கும்வரை ஆட்சியில் இருந்தார் என்பதை அறிந்தவர்கள், படத்தில் கெரில்லாக்கள் பெறும் எந்த வெற்றியையும் அதன் உண்மையான அளவிலேயே பார்ப்பார்கள். படமும் அதை ஊதிப் பெரிதாக்கவில்லை. மாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரலாற்றை அது திருத்தவில்லை என்பதே என் பார்வையில் அதன் பெரிய நேர்மை.

ஜெர்மானியப் படம் காதால் ஆனது என்றால் இது கண்ணால் ஆனது. இரண்டாவது வேலையில் ஒஃபீலியா சந்திக்கும் வெளிறிய மனிதன், விருந்து பரப்பிய நீண்ட மேசையின் தலைப்பில் அசையாமல் அமர்ந்திருக்கிறான். கண்கள் முன்னாலிருக்கும் தட்டில் கிடக்கின்றன, உள்ளங்கைகளில் பொருத்திக்கொண்டால்தான் அவனுக்குப் பார்வை வரும். மக்களுக்கு ரேஷன் அட்டையில் அளந்து ரொட்டி கொடுத்துவிட்டு, ஊர்ப் பெரியவர்களுக்கு விருந்து வைக்கும் விடாலும் அதே போன்ற மேசையின் தலைப்பில் அமர்ந்திருந்ததை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். இயக்குநர் இந்த ஒற்றுமையை ஒரு வசனத்தாலும் சுட்டவில்லை. வெளிறிய மனிதன், வனதேவன் இருவராகவும் நடித்தவர் டக் ஜோன்ஸ் என்ற ஒரே நடிகர்தான் என்பது கூடுதல் வியப்பு.

இன்னொரு விஷயத்தில் ஒப்பீடு ஸ்பானியப் படத்தின் பக்கம் முற்றாகச் சாய்கிறது. உளவுத் தொழிலின் அசல் வலியைக் காட்டும் பாத்திரம் வீஸ்லர் அல்லர். விடாலின் வீட்டில் பணிப்பெண்களுக்குத் தலைமை தாங்கும் மெர்செடிஸ்தான். காட்டில் இருக்கும் தம்பிக்கும் அவனது தோழர்களுக்கும் கடிதமும் மருந்தும் கொண்டுசெல்லும் அவள், கேப்டனுக்குக் காபி கொடுத்துக்கொண்டே கிடங்குச் சாவியின் நகலைக் கைமாற்றுகிறாள். பூட்டு உடையாமல் கிடங்கு திறக்கப்பட்டதை விடால் கவனிக்கும் நொடியிலிருந்து அவள் உயிர் ஊசலாடுகிறது. பணிப்பெண்ணை ஒரு பொருட்டாகவே அவன் நினைக்காததுதான் அவளுடைய மாறுவேடம். இவளோடு ஒப்பிட்டால், அமைச்சரின் மிரட்டலுக்கும் மாத்திரைப் பழக்கத்துக்கும் இடையில் நசுங்கும் கிறிஸ்டா மரியாவுக்கு ஜெர்மானியத் திரைக்கதை செய்வது அநீதி. மார்ட்டினா கெடெக் எவ்வளவோ உயிர் கொடுத்தும், இரண்டு ஆண்களின் மேன்மையை நிறுவுவதற்குச் செலவிடப்படும் பாத்திரமாகவே அவள் முடிகிறாள்.

எதை முதலில் பார்ப்பது என்றால், சனிக்கிழமை இரவுக்கு ஜெர்மானியப் படத்தையே பரிந்துரைப்பேன். அது இரண்டேகால் மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக ஓடும். முதல் அரைமணி நேரம் நிதானமாகவே நகரும். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதைப் பிடித்துக்கொள்ளச் சோர்வில்லாத மனம் வேண்டும். வரிசையை மாற்றி, விடாலைப் பார்த்த கையோடு வீஸ்லரைப் பார்த்தால் அவருடைய மனமாற்றம் கொஞ்சமும் ஒட்டாது. ஏறத்தாழ இரண்டு மணி நேர ஸ்பானியப் படத்தை ஞாயிறு காலையிலோ பிற்பகலிலோ வைத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்கள் அதை ஞாயிறு இரவில் பார்க்காமல் இருப்பதே நல்லது. இரண்டையும் மூலமொழி ஒலியுடன் துணைத்தலைப்பில் பார்க்க வேண்டும். ஒட்டுக்கேட்பதே கதையாக இருக்கும் படத்தை மொழிமாற்றக் குரலில் பார்ப்பது வீண்.

சிறுமியும் தேவதைப் பூச்சிகளும் இருக்கும் சுவரொட்டியை நம்பி எவரும் குழந்தைகளை ஸ்பானியப் படத்தின் முன் உட்காரவைத்துவிடக் கூடாது. பாட்டிலால் அடிக்கும் காட்சி மட்டுமன்று, வாய் கிழிபடும் காட்சியும் சித்திரவதைக்கான ஆயத்தங்களும் பெரியவர்களையே முகம் திருப்ப வைப்பவை. ஜெர்மானியப் படத்தில் ரத்தம் குறைவு என்றாலும், அதன் பாலியல் காட்சிகளால் அதுவும் வளர்ந்தவர்களுக்கானதே.

வார இறுதியில் ஒரு படத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்கள், அதிலும் உளவுக் கதைகளை விரும்புகிறவர்கள், தயங்காமல் மெர்செடிஸ் இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.