பெரியப்பாவின் தகரப் பெட்டியும் மாறிப்போன இரண்டு கார்புரேட்டர்களும்

வீட்டில் பழைய கார் எஞ்சின் சாமான் வைத்திருப்பவர்கள், அதை விற்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். "சுத்தம் பண்ணிப் பார்த்துட்டு விலை சொல்றேன்" என்று யாராவது கேட்டால் சாமானைக் கொடுத்து அனுப்பாதீர்கள். நான் கொடுத்து அனுப்பினேன். போனது ஒன்று, திரும்பி வந்தது வேறொன்று.

எனக்கு மண்டபத்தில் விசைப்படகு எஞ்சின் வேலை. லேலண்ட் எஞ்சினை இருட்டில் விட்டாலும் கழற்றி மாட்டிவிடுவேன். ஆனால் எல்லாம் டீசல். பம்ப், நாசில் தெரியும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைத் தொட்டு வேலை பார்த்ததில்லை. சாமான் வாங்க வந்த ஆளுக்கு இது பேசிய ஐந்தாவது நிமிடத்தில் புரிந்துவிட்டது.

சாமான் என் பெரியப்பாவுடையது. 1970களில் மெட்ராஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த நாட்கள் அவை. பந்தயம் வந்தால் ஒர்க்‌ஷாப்பில் தூக்கமே இருக்காது என்பார். வெளிநாட்டு எஞ்சின் ஒன்றைப் பிரித்துப்போட்டபோது, அதன் முதலாளி சில சாமான்களை இவருக்கே கொடுத்துவிட்டாராம். 1979இல் ஊருக்குத் திரும்பியபோது கிரீஸ் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி, தகரப் பெட்டியில் கொண்டுவந்தார். அதன் பிறகு கடைசிவரை படகு எஞ்சின்தான். பெட்டி மட்டும் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

போன வருடம் அவர் காலமாகிவிட்டார். வாடைக்காற்று தொடங்கும் முன் வீட்டுக் கூரை ஓட்டைப் பிரித்து மேய வேண்டும், கையில் காசில்லை. "தம்பி, அந்தப் பெட்டியில ஏதாவது தேறுமான்னு பாருப்பா" என்றார் பெரியம்மா. அப்படித்தான் படம் எடுத்து முகநூலில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. மறுநாள் காலையில் ஆளே வந்து நின்றார். வெளியூர்க்காரர். பழைய கார்களைப் புதுப்பிப்பவர் என்று சொல்லிக்கொண்டார்.

பெட்டியில் இருந்தவை: வெபர் என்ற கம்பெனியின் இரண்டு கார்புரேட்டர், எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் இரண்டு, நான்கு பிஸ்டன், 'லோட்டஸ்' என்று ஆங்கிலத்தில் எழுத்து எழும்பி நிற்கும் ஒரு அலுமினிய மூடி.

அவர் எந்த வரிசையில் பார்த்தார் என்பது இப்போதும் என் கண்ணிலேயே நிற்கிறது. முதலில் கார்புரேட்டரை எடுத்து, மேல்மூடியின் ஓரத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். போனில் லைட் போட்டு அந்த இடத்தை மட்டும் படம் எடுத்தார். அடுத்து கேம்ஷாஃப்ட். சட்டைப் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து, லோப் என்கிற முட்டை வடிவப் புடைப்பு ஒன்றை மூக்கிலிருந்து குதிவரை அளந்தார், பிறகு அதன் வட்டப் பகுதியைக் குறுக்கே அளந்தார். முதல் அளவில் இரண்டாவதைக் கழித்தால் லோப் எவ்வளவு தூக்குகிறது என்று தெரியும். சாதாரணச் சாலைக் கேமா, பந்தயக் கேமா என்பதற்கு அது நல்ல தடயம். வட்டம் இருக்க வேண்டியதைவிடச் சிறுத்திருந்தால் யாரோ கிரைண்டிங் செய்து உருவத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று அவர் அளந்தார், எண்ணைச் சொல்லவில்லை. காயலான் கடைக்குப் போகிற சாமானை யாரும் வெர்னியர் வைத்து அளக்க மாட்டார்கள். எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். "கடலோரத்துச் சாமான் அண்ணே, உப்பு உள்ளே இறங்கியிருக்கும்" என்றார். மண்டபத்தில் வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் குடியிருப்பவனிடம் இப்படிச் சொன்னால் நம்பாமல் என்ன செய்வான்? உப்புக்காற்று அலுமினியத்தை என்ன பாடு படுத்தும் என்று தினமும் பார்க்கிறேன். அந்தப் பயத்தைத்தான் அவர் பிடித்துக்கொண்டார்.

ஆனால் அலுமினியத்தின் மேல் வெள்ளையாகப் பூப்பது வேறு, உள்ளே குழிகுழியாக அரித்திருப்பது வேறு. பூத்தது துடைத்தால் போய்விடும். பெட்ரோல் நிற்கும் அறையின் சுவர் அரித்திருந்தால்தான் பெரிய சேதம். வெபரில் இதைப் பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. உச்சியில் உள்ள இறக்கை நட்டைக் கையாலேயே திருகினால் வட்ட மூடி வந்துவிடும், அடியில் பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டுகள் தெரியும். மேல்மூடியின் திருகுகளைக் கழற்றினால் உள்ளே முழுக்கப் பார்க்கலாம். பெரியப்பா தடவிய கிரீஸ் அப்படியே இருந்தது. வந்தவர் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

பிஸ்டனின் தலையில் "+20" என்று குத்தியிருந்தது. "ஓவர்சைஸ், யாரும் வாங்க மாட்டாங்க" என்றார். சுத்தப் பொய். +20 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் பெரிது. தேய்ந்த பழைய பிளாக்கை போரிங் செய்து, அதாவது சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி, சரிசெய்கிறவருக்கு அந்த அளவு பிஸ்டன்தான் வேண்டும். நான்கும் ஒரே செட்டாக இருந்தால் இன்னும் நல்லது. படகு எஞ்சினுக்கு நானே ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கியிருக்கிறேன். இருந்தும் அவர் சொன்ன தோரணையில் வாயடைத்துப் போனேன்.

கேம்ஷாஃப்டுக்கும் பிஸ்டனுக்கும் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு கொடுத்தார். மூடியை "சும்மா ஷோவுக்கு" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அது கேம்ஷாஃப்டுகளை மூடும் கேம் கவர், ஃபோர்டு பிளாக்கின் மேல் லோட்டஸ் தன் இரட்டைக் கேம் ஹெட்டைப் பொருத்தி 1960களில் கொண்டுவந்த 1558 சிசி எஞ்சினுடையது. லோட்டஸ் எலான், லோட்டஸ் கார்ட்டினா கார்களில் வந்தது. அந்த மூடிக்கே தனி விலை உண்டு. அதில் உள்ள எழுத்தும் வகைக்கு வகை மாறும். 1970களின் தொடக்கத்தில் வந்த எலான் ஸ்பிரிண்ட்டின் மூடியில் 'பிக் வால்வ்' என்றே வார்த்திருப்பார்கள்.

கார்புரேட்டர்களைச் சுத்தம் செய்து பார்த்துவிட்டு விலை சொல்வதாக முன்பணம் இரண்டாயிரம் தந்து எடுத்துப்போனார். ரசீது கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பெரியம்மா வேறு அவருக்கு மீன் குழம்பு வைத்துச் சாப்பாடு போட்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து பார்சல் வந்தது. "உள்ளே அரித்துவிட்டது, எனக்கு உதவாது, முன்பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டு. திறந்து பார்த்தேன். உண்மையிலேயே குழிகுழியாக அரித்திருந்தது. நல்ல மனிதர், முன்பணத்தைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

பெரியப்பாவுடன் வேலை பார்த்த ஒரு பெரியவர், துக்கம் விசாரிக்கப் போன் செய்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வெபர் பற்றிச் சொன்னதும், "தம்பி, அதில் என்ன எழுதியிருக்கிறது, படி" என்றார். படித்தேன். 40 டிசிஓஇ 151. கீழே ஸ்பெயினில் செய்தது என்று இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

வெபர் இத்தாலியின் போலோக்னாவில் எடோர்டோ வெபர் தொடங்கிய நிறுவனம். 40 என்பது காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். டிசிஓஇ என்பது பக்கவாட்டில் படுத்த மாதிரிப் பொருத்தும் இரட்டைத் துளை வகை. நான்கு சிலிண்டருக்கு இரண்டு கார்புரேட்டர் வைத்தால் சிலிண்டருக்கு ஒரு துளை. கடைசி எண்தான் எந்த எஞ்சினுக்காகச் செய்தது என்று சொல்லும். லோட்டஸுக்கு வந்த எண்களில் ஒன்று 18. இந்த வகைக் கார்புரேட்டர் தயாரிப்பு ஸ்பெயினுக்குப் போனது 1990களில். 1979இல் மூடிய பெட்டிக்குள் ஸ்பெயின் வெபர் எப்படி வந்திருக்கும்?

அன்று இரவே பெரியம்மா ரேஷன் கார்டு வைக்கும் பையைக் கொட்டித் தேடினேன். பெரியப்பாவின் சின்ன நோட்டு கிடைத்தது. அவர் கையெழுத்தில் இருந்தது: "வெபர் 40 டிசிஓஇ 18, 2 எண்ணம். சோக் 30. முன்னது ஒரு புள்ளி, பின்னது இரண்டு புள்ளி." சோக் என்பது கார்புரேட்டருக்குள் காற்று போகும் குறுகலான குழல், 30 அதன் அளவு. புள்ளிகளைக் கழற்றும்போது இடம் மாறிவிடாமல் இருக்க பஞ்ச் என்கிற கூர்முனைக் கருவியால் அடித்து வைத்திருக்கிறார். வந்தவற்றில் புள்ளியே இல்லை.

எடுத்துப்போனவருக்குப் போன் செய்தேன். "நீங்க கொடுத்ததைத்தான் அனுப்பினேன்" என்றார். அடுத்த அழைப்பு போகவில்லை. காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். ஆனால் என்னிடம் கார்புரேட்டர் எண் தெரியும்படி ஒரு படம்கூட இல்லை. முகநூலில் போட்டது பெட்டி முழுவதையும் தூரத்திலிருந்து எடுத்த ஒரே படம். எண் தெரியும் படம் ஒன்று இருந்திருந்தால் பேச்சே வேறு.

ஆகவே உங்களிடம் ஏதாவது இருந்தால், யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் ஒரு ஈரத்துணியால் துடையுங்கள். கம்பி பிரஷ், ஆசிட் எதுவும் வேண்டாம், குத்திய எழுத்து மங்கிப்போகும். எங்கெங்கே எண் இருக்கிறதோ அங்கெல்லாம் கிட்டத்தில் படம் எடுங்கள், பக்கத்தில் அன்றைய செய்தித்தாளை வைத்து. வெபர் என்றால் உள்ளே இருக்கும் சோக், ஜெட் எண்களையும் எழுதுங்கள், அதை உருவிக்கொண்டு வேறு போடுகிறவர்களும் உண்டு. ஜோடியைப் பிரித்துத் தராதீர்கள். ஒரே எண் கொண்ட ஜோடிக்கு வரும் விலை ஒற்றைக்கு வராது. புது வெபர் ஒன்றே பல பத்தாயிரம் ரூபாய் ஆகும் இன்று, யாராவது எடைக்குக் கேட்டால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்ய வேண்டுமென்றால் உங்கள் வீட்டுத் திண்ணையில், உங்கள் கண் முன்னால் செய்யட்டும்.

கார்புரேட்டரின் வாயில் மாட்டும் அலுமினியக் குழல்கள் நான்கும் மட்டும் தப்பின. பெரியம்மா அதில் ஒன்றைப் புனலாக வைத்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார், மற்ற மூன்றும் அடுப்படிப் பரணில் கிடந்தன. கழுவித் துடைத்து அந்த நோட்டுடன் சேர்த்து வைத்திருக்கிறேன்.

பழைய கார் வேலை செய்பவர்கள் யாரிடமாவது 40 டிசிஓஇ 18 ஜோடி விலைக்கு வந்தால், எஞ்சினோடு சேரும் முகப்பைத் திருப்பிப் பாருங்கள். ஒன்றில் ஒரு பஞ்ச் புள்ளி, மற்றதில் இரண்டு இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெரியம்மா வீட்டு ஓடு இன்னும் மேயவில்லை.