பெயர்ப் பலகை இல்லாத ஹாஃப்கட் கடை

சுங்கை சிப்புட் பட்டணத்தின் ஓரத்தில், செம்பனை மரங்கள் தொடங்கும் இடத்தில் இருக்கும் இந்தப் பழைய உதிரிபாகக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. "ஹாஃப்கட் கடை" என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். உதிரிபாகங்களுக்காகப் பாதியாக வெட்டி வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்படும் பழைய காரைத்தான் ஹாஃப்கட் என்கிறோம். தோட்டச் சாலையில் குறுக்கே வந்த மாட்டின் மீது மோதி, என் பழைய ஜெர்மானியக் காரின் இடப்பக்க முன்விளக்கு நொறுங்கியதும், இணையத்தில் ஒருவரிடம் மலிவாக ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். திருகுகள் பொருந்தின, பிளக்கும் பொருந்தியது. ஆனால் அன்றிரவு முதல், நான் விளக்கைத் தாழ்த்தியே ஓட்டினாலும், எதிரே வந்த செம்பனைக் குலை லாரிக்காரர்கள் தங்கள் விளக்கைத் தூக்கி அடித்துவிட்டே கடந்தார்கள்.

இந்தக் கடைக்காரர் விளக்கைக் கழற்றுவதற்கு முன், கொட்டகையின் இருண்ட மூலையில் காரைச் சுவரைப் பார்த்து நிறுத்தச் சொன்னார். சுவரில் விழுந்த இரண்டு ஒளிகளுக்கும் மேல்விளிம்பு ஒரு கோடு போல் தெளிவாக இருந்தது. பழைய விளக்கின் கோடு இடப்புறமாக மேலேற, புதிதாக வாங்கியதன் கோடு வலப்புறமாக ஏறியது. "தம்பி, இது வலது பக்கம் ஓடுற ஊருக்குச் செஞ்ச லைட்டு. எதிர்ல வர்றவன் கண்ணுலதான் அடிக்கும்," என்றார். நம் மலேசியாவைப் போல் இடப்புறம் ஓடும் ஜப்பானிலும் பிரிட்டனிலும் விற்கப்படும் விளக்கு இடது சாலையோரத்தைத்தான் சற்று உயர்த்திக் காட்டும். ஜெர்மனியில் விற்கப்படுவது நேர்மாறானது. பிறகு கண்ணாடியில் வட்டத்துக்குள் இருந்த ஆங்கில 'E' எழுத்தைக் காட்டினார். இடப்புறச் சாலைக்கான ஐரோப்பிய விளக்கில் அதனருகே, எதிரே நின்று பார்ப்பவரின் வலப்பக்கம் நோக்கி ஓர் அம்புக்குறி இருக்குமாம். இரு பக்கமும் நோக்கும் அம்பு இருந்தால் இரு வகைச் சாலைக்கும் மாற்றிக்கொள்ளலாம். நான் வாங்கியதில் அம்பே இல்லை.

பிரிட்டனிலிருந்து வந்த ஹாஃப்கட்டிலிருந்து எடுத்த விளக்கை 380 ரிங்கிட்டுக்குக் கொடுத்து, அதே சுவரில் கோட்டைச் சரிபார்த்த பிறகே என்னை அனுப்பினார். விலை அதிகம்தான், பேரமும் படியவில்லை.

காத்திருந்த நேரத்தில் கடையைச் சுற்றிப் பார்த்தேன். இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட வண்டிகளின் டேஷ்போர்டும் வைப்பர் கம்பிகளும் தனி மூலையில் குவிந்திருக்க, இரு வகை வண்டிக்கும் பொதுவான எஞ்சின்கள் வாசலிலேயே அடுக்கப்பட்டிருந்தன. மியன்மார் 1970-இல் வலப்புறச் சாலைக்கு மாறிய பிறகும், ஜப்பானிலிருந்து வந்த வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளே அங்கு நெடுங்காலம் நிறைந்திருந்தன. அவற்றில் பழைய பேருந்துகளின் கதவு நடுச்சாலையை நோக்கித் திறக்கும் என்று படித்திருக்கிறேன். அந்த மூலையைப் பார்த்தபோது அந்தப் பயணிகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

குறைகளும் உண்டு. ரசீது கேட்டால் சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதித் தருகிறார். உத்தரவாதம் ஏழு நாள்தான், அதுவும் வாய்ச்சொல்லாகத்தான். கேட்ட பாகம் குவியலின் அடியில் இருந்தால் அரை நாள் போய்விடும். ரொக்கம் மட்டுமே வாங்குகிறார். உடைந்த பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள். விளக்கு வாங்குவதாக இருந்தால் காரையே கொண்டு போவது நல்லது, அந்தச் சுவரில் அடித்துப் பார்க்காமல் அவர் விற்க மாட்டார்.