பதினோரு வருடச் சைக்கிள்

2013-இல், தீபாவளிக்கு முந்தைய வாரம் 4,200 ரூபாய் கொடுத்து வாங்கிய லேடீஸ் சைக்கிள் இது. கியர் கிடையாது. முன்னால் கம்பிக்கூடை, பின்னால் கேரியர், முழு செயின் கவர், அவ்வளவுதான். பதினோரு வருடம் ஓட்டியாகிவிட்டது. சைக்கிள் வாங்கலாமா என்று தெரிந்த பெண்கள் கேட்கும்போதெல்லாம் வாயால் சொல்லி வந்ததை இப்போது எழுதிவைக்கிறேன்.

திருக்கோகர்ணத்திலிருந்து கீழராஜவீதிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். புதுக்கோட்டை வீதிகள் கோடு கிழித்தாற்போல நேர்நேரானவை, பெரிய ஏற்ற இறக்கமும் இல்லை. இந்த ஊருக்கு கியர் இல்லாத சைக்கிளே தாராளம். வேலை முடிந்து சந்தைக்குள் நுழைந்து, கூடையில் கத்தரிக்காயும் கேரியரில் அரிசியுமாகத் திரும்புவேன். பத்து கிலோ வரை கேரியர் அசைந்து கொடுக்காது. அதற்கு மேல் ஏற்றினால் ஹேண்டில் பார் லேசாக ஆடும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மழையில் ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை பிடிக்காது. முதல் வருடமே ஒரு மாடு குறுக்கே வந்து, காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தினேன். அன்றிலிருந்து மழை நாளில் பத்தடி முன்னாலேயே பிரேக்கை லேசாக அழுத்தி, ரிம்மில் இருக்கும் தண்ணீரை வழித்துவிடுவது பழக்கமாகிவிட்டது. சீட் ஸ்பிரிங் ஒருமுறை உடைந்தது. டயர் இரண்டு ஜோடி மாற்றியிருக்கிறேன். பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக் டக்' என்றால் பெடல் தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் கோட்டர் பின் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சின்னச் செலவுதான், தள்ளிப்போடாதீர்கள். வருடம் ஒருமுறை ஓவராயில் பண்ணி, சக்கரத்தில் கோட்டம் எடுத்துவிட்டால் போதும்.

சைக்கிளில் எனக்கு இவ்வளவு பிடிப்பு வந்ததற்குக் காரணம் அம்மா. 1991-இல் எங்கள் மாவட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளும் பெண்கள் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தார். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், வயல் வேலைக்காரர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கில் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அம்மா வேண்டுமென்றே அதைத்தான் கேட்டு வாங்கியதாகச் சொல்வார். காரணம் நான். பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைக்கலாமே! பார் தொடையில் அழுத்தியதும், அம்மாவின் மூச்சு உச்சந்தலையில் பட்டதும் இன்றும் நினைவிருக்கிறது.

அதற்கு முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் ஒன்று பஸ் வர வேண்டும், இல்லையென்றால் அப்பா வர வேண்டும். சைக்கிள் வந்த பிறகு அம்மா, "போயிட்டு வந்துடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். முன்பு அது "போகட்டுமா?" என்று இருந்தது.

நான் விடுமுறை நாட்களில் சித்தன்னவாசல் வரை போவேன். சுமார் 16 கிலோமீட்டர். தைலமரக்காட்டு வாசனையும் பொட்டல் வெயிலும் மாறிமாறி வரும். விடிவதற்குள் கிளம்பினால் டீக்கடையில் ஒருமுறை நின்றும்கூட வெயில் ஏறும் முன் மலையடிக்குப் போய்விடலாம். அந்த மலையில் இருக்கும் ஏழடிப்பட்டம் குகையில் சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள் வழவழவென்று குளிர்ந்திருக்கும். தண்ணீர் குடித்து, கால் ஆறும் வரை அங்கே உட்கார்ந்திருப்பேன். பஸ்ஸிலும் போயிருக்கிறேன். அப்போதெல்லாம் திரும்பும் பஸ்ஸை நினைத்துக்கொண்டே படியேறுவேன். சைக்கிளில் அந்தக் கவலை கிடையாது. குளத்தில் தாமரை தெரிந்தால் இறங்கலாம், பிடிக்கவில்லையென்றால் பாதியிலேயே திரும்பலாம்.

ஆடியில் மட்டும் போகாதீர்கள். போகும்போது எதிர்காற்று நெஞ்சைப் பிடித்துத் தள்ளும், நின்று மிதித்தாலும் நகராது. ஒரு தடவை அன்னவாசல் அருகே செயின் வேறு கழன்றுவிட்டது. கவரைக் கழற்றி, குச்சியால் செயினைப் பல்லில் கோத்து, கருப்புக் கையோடு திரும்பினேன். சரி, வரும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியதையும் சொல்ல வேண்டும். பாதி தூரம் மிதிக்கவே இல்லை!

இப்போது ஸ்கூட்டர் வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இருக்கிறது. வாங்கவில்லை. சைக்கிள் வேகத்தில்தான் வழியில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போக முடிகிறது.

அம்மாவுக்கு அறுபது ஆகப்போகிறது. சனிக்கிழமைகளில் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போஸ்ட் ஆபீசுக்கும் தன் சிநேகிதி வீட்டுக்கும் போகிறார். அவருக்கு சீட்டை இரண்டு விரற்கடை இறக்க வேண்டும். சீட் கம்பியில் ஆணியால் கீறிய இரண்டு கோடுகள் இருக்கின்றன, மேலே இருப்பது என்னுடையது. நேற்று இரவே ஸ்பேனரை எடுத்து, கீழ்க்கோட்டுக்கு இறக்கி வைத்துவிட்டேன்.