கணப்பு: விறகா, கேஸா, மின்சாரமா?

குளிர்காயக் கணப்பு வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சுடரின் அழகையும் அதைச் சுற்றியுள்ள கல்லின் பளபளப்பையும் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். எரிவதற்கு வேண்டிய காற்று எங்கிருந்து வரும், எரிந்த புகை எந்த வழியாகப் போகும் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகுதான் கடைப்பக்கமே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீட்டில் நல்ல புகைபோக்கி இருக்கிறதா, இல்லையென்றால் ஒன்றை எழுப்ப வழி உண்டா என்று பார்த்துவிட்டால், தெரிவில் பாதி அப்போதே முடிந்துவிடும்.

விறகிலிருந்தே தொடங்கலாம். சுவரில் பதித்துக் கட்டிய திறந்த கணப்பு கண்ணுக்கு விருந்துதான். ஆனால் விறகு தரும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஒன்றரைப் பங்குதான் அறைக்குள் தங்குகிறது. மீதி புகையோடு மேலே போவதோடு, ஏற்கெனவே சூடான அறைக் காற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடுவதால், கணப்புக்கு முன்னால் அமர்ந்தவரின் முகம் காயும்போது பின்னறை முன்பைவிடக் குளிர்ந்துபோவதும் உண்டு. இது இன்று நேற்றுத் தெரிந்த குறையன்று. 1796இல் வெப்பத்தை ஆராய்ந்த அறிவியலாளர் ரம்ஃபோர்ட் பிரபு வெளியிட்ட கட்டுரையிலேயே, கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களை வெளிநோக்கிச் சாய்த்து, புகைபோக்கியின் கழுத்தைக் குறுக்கினால் வெப்பம் அறைக்குள் திரும்பும் என்று விளக்கியிருக்கிறார். புதிதாகக் கட்டுபவர்கள் இன்றும் அந்த அமைப்பைப் பின்பற்றலாம்.

இதற்கு நேர் போட்டி, கண்ணாடிக் கதவு பொருத்திய வார்ப்பிரும்பு அல்லது எஃகு அடுப்பு. உள்ளே போகும் காற்றை ஒரு கைப்பிடியால் கூட்டவும் குறைக்கவும் முடிவதால், அதே விறகிலிருந்து நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கு வெப்பம் வரை இது வீட்டுக்குள் சேர்க்கிறது. பழைய திறந்த கணப்பு உள்ளவர்கள் அதன் வாய்க்குள்ளேயே இத்தகைய அடுப்பைப் பதித்து, பழைய செங்கல் புகைபோக்கிக்குள் எஃகுக் குழாயை இறக்கிக்கொள்ளலாம். குளிரைப் போக்குவதே நோக்கமென்றால் நான் தயங்காமல் மூடிய அடுப்பைத்தான் சொல்வேன்.

எந்த அடுப்பானாலும் ஈர விறகுக்கு அது ஈடுகொடுக்காது. அன்று வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீராகவே இருக்கக்கூடும். அது 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க, பிளந்து அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட விட்டு, ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். காய்ந்த இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஈரத் துண்டோ மொத்தென்று ஒலிக்கும், நெருப்பில் இட்டால் வெட்டுமுனையில் நுரை கட்டிச் சீறும். அந்த நீராவியும் அரைகுறையாக எரிந்த புகையும் குளிர்ந்த குழாய்ச் சுவரில் படிந்து, கிரியோசோட் என்னும் தார் போன்ற பிசினாக இறுகும். பின்னொரு நாள் அதுவே புகைபோக்கிக்குள் தீப்பிடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது குழாயைச் சுரண்டித் துப்புரவு செய்ய ஆள் வைப்பது இதனால்தான்.

நிறுவும்போது புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடியும், 10 அடி தொலைவுக்குள் உள்ள எந்தக் கூரைப் பகுதியையும்விட 2 அடியும் உயர்ந்து நிற்க வேண்டும். இந்த உயரம் குறைந்தால் காற்று திரும்பி வீசும்போது புகை வீட்டுக்குள் இறங்கும். உயரம் சரியாக இருந்தும் புகை திரும்புவதை நான் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் கணப்பைப் பற்றவைத்த முதல் மாலையில் கூடம் முழுவதும் புகை சூழ்ந்தது. காரணம் தெரியாமல் கண்ணெரிச்சலோடு அரை மணி நேரம் தவித்த பிறகுதான், சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த காற்று வெளியேற்றும் விசிறி புகைபோக்கி வழியாகவே காற்றை உள்ளே இழுத்தது புரிந்தது. இறுக்கமாக அடைத்த புதிய வீடுகளில் அடுப்புக்கென்று வெளிக்காற்றைக் கொண்டுவரும் தனிக் குழாய் வைத்துவிடுவது மேல்.

கேஸ் கணப்பில் விறகடுக்கும் வேலையும் சாம்பல் அள்ளும் வேலையும் இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரட்டைக் குழாயின் வெளிச்சுற்றில் காற்று வர, உட்சுற்றில் புகை போக, முன்புறம் கண்ணாடியால் அடைத்த வகையே இவற்றில் சிறந்தது. அறைக் காற்றை அது தொடுவதே இல்லை, வெளிச்சுவர் ஒன்று இருந்தால் பொருத்திவிடலாம். புகைக்குழாயே வேண்டாத கேஸ் கணப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் கழிவு வாயுவும் நீராவியும் நாம் மூச்சுவிடும் காற்றிலேயே கலக்கின்றன. குழாய் எரிவாயுவுக்கும் உருளை எரிவாயுவுக்கும் வாயு வெளிவரும் முனைத்துளை வேறு என்பதால், ஒன்றுக்கானதை மற்றொன்றில் இணைக்கக் கூடாது. விறகோ கேஸோ, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி இல்லாமல் பற்றவைக்க வேண்டாம்.

எத்தனால் கணப்புக்குக் குழாய் வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால் ஏறத்தாழ 900 மில்லிலிட்டர் நீர் ஆவியாக அறைக்குள்ளேயே பரவும். கரியமில வாயுவும் உடன் சேரும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குப் புலப்படாமல் போகக்கூடும். அணைந்துவிட்டது என்று எண்ணிச் சூடான தொட்டியில் மீண்டும் ஊற்றும்போது நெருப்பு புட்டிவரை பாய்ந்த விபத்துகள் உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் இதை வைக்கவே கூடாது என்பேன்.

மின் கணப்பில் தெரிவது விளக்கொளிதான், சுடரன்று; வெப்பம் பெரும்பாலும் 1500 முதல் 2000 வாட் வரை. ஒரு நடுத்தர அறைக்கு அது போதும். நீட்டிப்பு வயரில் இணைக்காமல் சுவர்ச் செருகியில் நேரடியாகக் கொடுக்க வேண்டும். வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் இருப்பவர்களுக்கு இதுவே நேர்மையான விடை.

தோட்டத்துக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. இங்கே புகை போகும் வழி ஆகாயம். குழி தோண்டிக் கல் அடுக்கிய தீக்குழி மலிவானது, சுற்றி உட்காருபவர்களின் கால்வரை சூட்டைப் பரப்புவது. இரட்டைச் சுவர் எஃகுக் குழியில் சுவர்களுக்கு நடுவே சூடேறி எழும் காற்று மேல்துளைகள் வழியாகப் புகுந்து புகையையும் எரித்துவிடுவதால் கண் எரியாது. ஆயினும் வெப்பத்தின் பெரும்பகுதி நேர்மேலே போய்விடுவதால் முழங்காலுக்குச் சூடு குறைவாகவே எட்டும். அண்டை வீடு நெருக்கமாக இருந்தால் இரட்டைச் சுவரையும், பரந்த இடம் இருந்தால் கற்குழியையும் நான் தேர்வேன். சுட்ட மண்ணால் ஆன வயிறு பெருத்த அடுப்பு காற்றைத் தடுக்கும். அடியில் மணல் பரப்பி, முதலில் சிறு சுள்ளி நெருப்புகளாகச் சில முறை பழக்காவிட்டால் அது விரிசல் கண்டுவிடும். நடுவில் சுடர் எரியும் கேஸ் மேசைக்குள் உருளை வைப்பதாக இருந்தால், அந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிவு வெளியேறப் பெட்டியின் அடிப்பக்கத்தில் எதிரெதிரே துளைகள் இருக்க வேண்டும்.

கற்குழி கட்டுபவர்கள் ஆற்றுக் கற்களைத் தவிர்க்க வேண்டும். உள்ளே தங்கிய நீர் ஆவியாகிக் கல்லைச் சிதறடிக்கும். உட்புறம் வெப்பம் தாங்கும் தீச்செங்கல், அடியில் நீர் வடியச் சரளை, வீட்டிலிருந்தும் வேலியிலிருந்தும் குறைந்தது 3 மீட்டர், மேலே கிளையற்ற வானம் ஆகியவை போதும். எரித்து முடித்த சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, மரத்தரையில் வைக்காமல் வெற்று மண்ணில் வைக்க வேண்டும். நீறு பூத்த கங்கு இரண்டு மூன்று நாள்கூட உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.