பிஎஃப் பிடிக்கிறேன் என்று சொன்ன கான்ட்ராக்டரை நம்பி 18,520 ரூபாய் போச்சு

நேற்றுதான் புதுச்சேரி பிஎஃப் ஆபீஸில் தெரிந்தது. பதினோரு மாதம் வேலை பார்த்தும் என் பெயரில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

நான் கடலூர்க்காரன். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கதவு செய்கிற கம்பெனி ஒன்றில், ஆள் சப்ளை செய்கிற ஒரு கான்ட்ராக்டர் மூலமாகச் சேர்ந்தேன். ஷூ, யூனிஃபார்ம், டெபாசிட் என்று முதலிலேயே 4,000 வாங்கினார். வேலையை விட்டு நிற்கும்போது திருப்பித் தருவாராம். அப்புறம் மாதாமாதம் பிஎஃப் என்று 1,320 பிடித்தார். அது 14,520. டெபாசிட்டோடு சேர்த்து 18,520.

எனக்கு ஃப்ளஷ் டோர், அதாவது இரண்டு பக்கமும் தட்டையான கதவு செய்கிற லைன். ஃபிரேமுக்குள் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, பசை தடவிய வெனீரை (மெல்லிய மரத் தகடு) மேலும் கீழும் வைத்து ஹாட் பிரஸ்ஸுக்குத் தள்ள வேண்டும். ஒரு கட்டை விலகியிருந்தால் சூப்பர்வைசர் கதவைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். பசை நெடியில் கண் எரியும், அதுகூடப் பழகிவிட்டது. ஆனால் இரண்டே வாரத்தில் விரல் நுனியெல்லாம் காய்ந்த பசை, சாண்டிங்கில் (உப்புத்தாள் தேய்ப்பில்) ரேகையும் தேய்ந்துபோனது. வாசலில் வருகை பதிகிற பஞ்ச் மெஷின் என் விரல் ரேகையை எடுக்கவே இல்லை.

அங்கேதான் ஏமாந்தேன். தினமும் மெஷினோடு நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்த கான்ட்ராக்டர் தோளில் கை போட்டு, "விடு தம்பி, நம்ம நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்" என்றார். டீயும் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன் என்று அம்மாவிடம் சொன்னேன். சம்பளச் சீட்டில் பிஎஃப் 1,320 என்று அச்சாகியிருக்கும். யுஏஎன் நம்பர் (பிஎஃப்பில் ஒவ்வொருவருக்கும் தரும் தனி எண்) இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

தங்கை கல்யாணத்துக்குப் பணம் எடுக்கலாம் என்று கேட்டபோது முதலில் "சர்வர் டவுன்" என்றார். அப்புறம் "ஆதார்ல உன் இனிஷியல் தப்பு". அதையும் திருத்திக்கொண்டு போனேன். "அக்கவுன்டன்ட் ஊருக்குப் போயிருக்காரு." பிறகு போனையே எடுக்கவில்லை. கம்பெனியில் போய் நின்றால், "பயோமெட்ரிக்ல உங்க பேரே இல்லையே, நீங்க எங்க ஆளே இல்ல" என்கிறார்கள். அப்படியானால் அத்தனை கதவையும் அடுக்கினது பேயா?

பிஎஃப் ஆபீஸில் ஒருவர் மட்டும் பொறுமையாகப் பேசினார். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் வேலை வாங்கிய கம்பெனியும் பொறுப்பாம். என் 12 சதவீதத்தோடு முதலாளி பங்காக இன்னொரு 12 சதவீதமும் வர வேண்டுமாம். புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையில் இருப்பது எட்டுச் சீட்டுதான். மீதி மூன்று சீட்டும் மழையில் நனைந்து கூழாகிவிட்டன.

விவரமாக யோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. முதல் மாதமே 12 இலக்க யுஏஎன் நம்பரைக் கேட்டு வாங்குங்கள், அரசாங்கத்தின் உமங் ஆப்பில் பிஎஃப் பாஸ்புக் பாருங்கள். டெபாசிட் கொடுக்காதீர்கள். விரல் எடுக்கவில்லையா, கம்பெனி ரெஜிஸ்டரில் எழுதச் சொல்லுங்கள், கான்ட்ராக்டர் நோட்டில் வேண்டாம். சீட்டுகளை போட்டோ எடுத்து வையுங்கள்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் அவர் வீட்டு வாசலுக்கே போகிறேன். 18,520 ரூபாய் சார்.